சரிவில் கொட்டிய எண்ணெய்

போகாது. சிமெண்டுக்குள் இறங்கின எண்ணெய் போகவே போகாது, அதுவும் ஓடி ஓடிக் கறுத்துப்போன இன்ஜின் ஆயில், அதுவும் வண்டி வழுக்கக்கூடாது என்று வரி வரியாக இழுத்துவிட்ட சரிவில், ஒவ்வொரு வரியும் ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலிலும் கறுப்பு. தேய்க்கிறேன். ஆறு மணியிலிருந்து முட்டி போட்டுத் தேய்க்கிறேன், இப்போது ஏழே முக்கால், பனி இன்னும் எதிர்மலையை விடவில்லை, தண்ணீர் விரலை வெட்டுகிறது. கோத்தகிரியில் தை மாதம் காலையில் பைப்பில் கை வைப்பவள் ஒன்று பைத்தியமாக இருக்கவேண்டும், இல்லை என்னை மாதிரி தண்டனை வாங்கினவளாக இருக்கவேண்டும். எண்ணெய் கொட்டினால் முதலில் தண்ணீரே காட்டக்கூடாது. உலர்ந்த எதையாவது மேலே போடவேண்டும், மரத்தூள், சிமெண்டுப் பொடி, எதுவும் இல்லையென்றால் கோலமாவு, அது கிடந்து உறிஞ்சும், கூட்டி அள்ளின பிறகுதான் சோப்பு. நேற்று சாயங்காலமே நான் ரெண்டு படி கோலமாவைக் கொட்டி மூடித்தான் வைத்தேன். எனக்குத் தெரியும், இது ஒன்று எனக்குத் தெரியும். அம்மா அஞ்சு மணிக்கு எழுந்தாள், வெள்ளிக்கிழமை, அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள், வாசல் தெளிக்காமல் இருப்பாளா, ஒரு பக்கெட் சாணித் தண்ணீரைக் கரைத்துக் கேட்டிலிருந்து கீழே ரோடு வரைக்கும் வீசி வீசித் தெளித்துவிட்டாள். மாவு கிடந்ததைப் பார்த்தாளாம். நான் கோலம் போடத் தெரியாமல் போட்டு விட்டுப்போனது என்று நினைத்தாளாம். தட்டகலம் இருந்த கறை இப்போது இருபத்தஞ்சு அடிச் சரிவு முழுக்க நீலமும் ரோஸுமாக மினுங்கிக்கொண்டு ஓடுகிறது, சாணியும் மாவும் எண்ணெயும் கலந்து ஒரு பச்சைக் களி, அதன்மேல் அம்மா போட்ட புள்ளி ஒன்றுகூட நிற்கவில்லை, வைக்க வைக்க வழுக்கிக்கொண்டு போகிறது. "ஏண்டி, வெள்ளிக்கிழமை அதுவுமா வாசல்ல கோலம் நிக்க மாட்டேங்குது, இது நல்லதுக்கா?" என்று அவள் கேட்டது கடவுளிடமா என்னிடமா தெரியவில்லை. நல்லதுக்கு இல்லை அம்மா. நீ தண்ணி ஊத்தினதுக்கு.

கம்பி பிரஷ் தேய்ந்துவிட்டது. சலவைச் சோடா போட்டாச்சு, மண்ணெண்ணெய் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாச்சு, மண்ணெண்ணெய் கறையை இளக்கும், ஆனால் உடனே துணியில் ஒற்றி எடுக்காவிட்டால் இன்னும் ஆழமாக இறக்கிவிடும், அதனால் தொடு, ஒற்று, தொடு, ஒற்று, பழைய நைட்டி ஒன்று கிழிந்து கரியாகிக் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு வந்துவிடுவார்கள். அவிநாசியிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்களாம், பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பெண்ணைப் பார்த்து, காப்பி குடித்து, பேசி முடித்து, வண்டி இந்த வாசலை விட்டுப் போய்விடவேண்டுமாம், ராகு காலத்தில் கிளம்பினால் ஆகாதாம். எட்டே முக்காலுக்கு நான் இங்கே இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ், நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கும், அந்த வீட்டில் போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். ஏனென்றால் நான் கோயமுத்தூரில் இருக்கிறேன். ஹாஸ்டலில் தங்கி பி.காம் முதல் வருஷம் படிக்கிறேன். அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பி.காம்! ப்ளஸ் ஒன் அரைப் பரீட்சைக்கு அப்புறம் நான் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை, காசு இல்லாமல் இல்லை, நானாகத்தான் நின்றேன், பிடிக்கவில்லை, நின்றேன். கேட்கிற எல்லோரிடமும் ஒரு சோகக் கதை எதிர்பார்க்கிற முகம் இருக்கிறது, என்னிடம் அப்படி ஒரு கதை கிடையாது. கெமிஸ்ட்ரி லேபில் மிஸ் என் கையைத் திருப்பிப் பார்த்தது மட்டும் உண்டு. "இது என்ன நகமா, கரி அடுப்பா? போய்க் கழுவிட்டு வா." கழுவிட்டு வந்தேன். "போகலையே, மறுபடி கழுவு." மறுபடி. மூணு தடவை. இருபத்தெட்டு பேர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்கள், சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. போகாது மிஸ், முந்தின நாள் தண்ணீர் மோட்டாரைக் குடைந்த கிரீஸ், நகக்கண்ணுக்குள் இறங்கினது போகாது. அன்றைக்கு சாயங்காலம் வந்து இதே சரிவில் அப்பாவின் செத்துப்போன ஸ்கூட்டரைப் பிரித்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. பிரித்தேன், மாட்டினேன், மாட்டி முடித்த பிறகு தட்டில் மூணு நட்டு மீதி இருந்தது, உட்கார்ந்து அழுதேன், திரும்பப் பிரித்தேன். நாலாவது நாள் ஸ்டார்ட் ஆனது. மூணு வருஷமாக ஓடாத வண்டி. அந்தச் சத்தம் இருக்கிறதே. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு நாளும் அப்படி ஒன்றும் கேட்டதில்லை.

"எந்திரிச்சு வரட்டுமாடி நானு? இன்னும் அப்படியே கெடக்குது!" அம்மா ஜன்னலில். உள்ளே கேசரி வாசம், நெய் முந்திரி. எனக்கு மண்ணெண்ணெய் வாசம். "அம்மா, இது இதுக்கு மேல போகாது." "நேத்து ராவுல கொட்டாம இருந்திருந்தா?" "ஆயில் தட்டு சரிவுல நழுவிருச்சுன்னு சொன்னேன்ல." "நழுவும், நழுவும். ரெண்டு எடம் நழுவின மாதிரி." ஜன்னல் மூடிவிட்டது. ரெண்டு எடம். இதைச் சொல்லாமல் அவளால் அரை நாள் இருக்கமுடியாது. முதல் இடம் போன வருஷம், ஊட்டியிலிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளையின் சித்தி இந்தச் சரிவில் ஏறி வரும்போது நான் ஒரு பைக் செயினுக்குக் கீழே படுத்திருந்தேன், "வீட்டுலயே ஆள் வெச்சு வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டாள், அப்பா "எங்க சின்னப் பொண்ணுங்க" என்றார், அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஒரு பக்கத்துப் பல் மட்டும் தெரிந்தது. அப்புறம் போன் இல்லை. ரெண்டாவது இடம், நான் குளித்து, சுடிதார் போட்டு, ஒழுங்காகக் காப்பித் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன், மாப்பிள்ளையின் அம்மா காப்பியைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பிடித்திருந்த என் விரலைப் பார்த்தாள். காப்பியைக் குடிக்கவே இல்லை. அவர்களிடமிருந்தும் போன் இல்லை. அதற்கு ஜாதகம், உயரம், அக்காவுக்கு இருபத்தேழு வயசு, என்னென்னவோ காரணம் இருக்கலாம், இருக்கலாம் இல்லையா, ஆனால் அம்மாவுக்கு ஒரே காரணம், அது என் நகம். நான் போய் ஒரு கட்டிங் பிளேயரால் பிடுங்கிக்கொண்டால் சுகன்யா அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

தட்டு நழுவவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் கேட்கப்போகிறார்கள், கறைதான் கேட்கும். நேற்று ஆறு மணிக்கு, பால்காரரின் வண்டிக்கு ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தேன், தட்டு நிறையக் கறுப்பு, அக்கா வேலை முடிந்து வந்து வழக்கமாக உட்கார்கிற படியில் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷமாக அவள் உட்கார்கிற படி. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் உட்காருவாள், துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொள்வாள், ஸ்பேனர்களைச் சொருகிச் சுருட்டி வைக்கிற என் துணி ரோலை விரித்து வைத்துக்கொண்டு, ஸ்கூலில் ஒரு பிள்ளை என்ன சொல்லிற்று, ஹெச்.எம். என்ன புடவை கட்டிக்கொண்டு வந்தது, பேசிக்கொண்டே, நான் கையை நீட்டி நம்பர் சொன்னால் எட்டு-ஒன்பது, பத்து-பதினொன்னு, பன்னெண்டு-பதிமூணு, எடுத்து எடுத்து வைப்பாள். நாற்றம் நாற்றம் என்று புலம்புவாள், ஒரு நாளும் எழுந்து போகமாட்டாள். நேற்று ரோலை விரிக்கவில்லை. "இந்து, நாளைக்கு நீ ரோஸ்லின் அக்கா வீட்டுல இருந்துக்கறியா?" அம்மா சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அம்மாவுக்கு அது தெரியும், அதனால்தான் அக்காவை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். "அம்மா சொல்லச் சொன்னாளா?" "இல்ல. நான்தான் கேக்கறேன்." "எதுக்கு?" "அவர்கூடப் போன்ல பேசினேன். நல்லவராத்தான் தெரியுது. இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குடி." "அவருகிட்ட என்னைப் பத்திச் சொன்னியா?" துப்பட்டாவை மறுபடி மடித்தாள். "சொன்னியாக்கா?" "காலேஜ்ல படிக்கறேன்னு சொன்னேன்." கீழே ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. "ஒரு நாள்தானே இந்து." அவள் உள்ளே போன பிறகு நான் காலால் உதைத்தேன். தட்டு ரெண்டு குட்டிக்கரணம் போட்டுக் கேட்டில் அடித்தது. நழுவவில்லை, உதைத்தேன், இருக்கிற பலத்துக்கு உதைத்தேன், கொட்டட்டும், வருகிறவன் எல்லாம் வழுக்கி விழட்டும், பல்லை உடைத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் உதைத்தேன். அப்புறம் பயந்துபோய்க் கோலமாவைக் கொட்டினேன். ஒரு நாள்தானே. ஒரு நாள்தானாம். கல்யாணத்தன்றைக்கு என்ன செய்வாய், அன்றைக்கும் ஹாஸ்டலா? உனக்குப் பிள்ளை பிறந்தால்? பரீட்சை, லீவு கிடைக்கலை, சித்தி வரமாட்டாள்? ஒரு நாளில் ஆரம்பிக்கிற பொய்க்கு யார் வந்து ஒழுகாமல் அடைக்கிற வடிகால் போல்ட்டை மாட்டுவது? தேய். தேய்த்துக்கொண்டே இரு. ஒரு நாள், தொடு, ஒற்று, ஒரு நாள், தொடு, ஒற்று.

எட்டரை. வெயில் வந்துவிட்டது, ஈரம் காயக் காயக் கறை தெரிகிறது. இதுதான் இதன் துரோகம், ஈரமாக இருக்கும்போது எல்லாம் ஒரே நிறம், ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம், காய்ந்ததும் பழைய இடத்திலேயே பல்லைக் காட்டும். ஆனால் பரவாயில்லை, முன்பு மாதிரி கறுப்பு இல்லை, ஒரு சாம்பல், தெரியாதவர்கள் பார்த்தால் பாசி என்று நினைப்பார்கள். ஓரம் ரெண்டிலும் அம்மா நேற்று மத்தியானம் டப்பா பெயிண்டில் இழுத்த காவிப் பட்டை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, கோலமாவும் காவிமண்ணும் போதாது, பெயிண்டாக இருந்தால் பொங்கலிலிருந்து பொங்கல் வரை நிற்கும் என்று அவள் கணக்கு. ஸ்பேனர் ரோல், ஜாக்கி, ஆயில் கேன், பால்காரரின் வண்டி, எல்லாம் மறைந்துவிட்டது, வண்டி ரோஸ்லின் அக்கா வீட்டுப் பின்னால், மற்றது எங்கே என்று எனக்கே தெரியாது, அக்காதான் அள்ளிக்கொண்டு போனாள், குப்பையில் போட்டிருந்தால்கூட ஆச்சரியமில்லை. இந்த வீட்டில் நான் இருந்ததற்குக் கடைசி அடையாளம் இந்தக் கறை, அதையும் என் கையாலேயே அழிக்கிறேன், எவ்வளவு நல்ல ஏற்பாடு. மிஸ், பாருங்கள், நாலாவது தடவையும் கழுவுகிறேன். கீழே ரோட்டில் ஹாரன். ஒன்பதுகூட ஆகவில்லை. ஐயோ, ஒன்பதுகூட ஆகவில்லை. ரோஸ்லின் அக்கா வீட்டுக்குப் போக ரோட்டுக்கு இறங்கித்தான் ஏறவேண்டும், ரோட்டில் வெள்ளைக் கார், மூக்கைத் திருப்பிச் சரிவைப் பார்த்து நிற்கிறது. அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார், என்னைப் பார்த்துக் கையால் காற்றைத் தள்ளுகிறார், போ, போ, ஒரு கோழியை விரட்டுகிற மாதிரி. பக்கெட்டையும் பிரஷையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கும் மண் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கேஸ் சிலிண்டர், உடைந்த குடை, நான்.

கார் ஏறுகிறது. ரெண்டாவது கியரில் ஏற்றுகிறான் மடையன், ஃபர்ஸ்டில் போடவேண்டிய ஏற்றம். ஈரத்தில் பின் சக்கரம் ஒரு சுற்றுச் சும்மா சுற்றிவிட்டு அப்புறம் பிடிக்கிறது. வழுக்கி விழட்டும் என்று நேற்று சாபம் விட்டவள் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நின்றுவிட்டது, பாதிச் சரிவில், மூக்கு மேலே, பின்பக்கம் ரோட்டைப் பார்த்து. ஓட்டி வந்தது மாப்பிள்ளை இல்லை, அவன் அப்பா, வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, இறங்கினதுமே ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறார், சமவெளிக்காரராக இருந்தாலும் அதாவது தெரிகிறது. "வாங்க வாங்க சென்னியப்பண்ணா, பாதை எல்லாம் சிரமமில்லாம இருந்துச்சுங்களா?" அப்பாவின் குரல் ரெண்டு மடங்கு இனிப்பு. "என்னுங் சிரமம், முப்பது வருசமா ஓட்டறமுங். மேல ஏற ஏறப் பெடல் கொஞ்சம் பஞ்சாட்டம் இருந்துச்சு, ரெண்டு தடவ சவட்டிச் சவட்டி புடிச்சுட்டு வந்துட்டன். குளுருக்கு அப்புடித்தான் இருக்கும்போல." எல்லோரும் சிரித்தார்கள். குளிருக்குப் பெடல் பஞ்சாகாது. குளிருக்கு உன் மூளைதான் பஞ்சாகும். நாலு பேர், அவன் அப்பா, அம்மா, ஒரு அத்தையோ சித்தியோ, அப்புறம் மாப்பிள்ளை. வெள்ளையாக, ஒல்லியாக, சரிவில் இறங்கும்போது ஷூ வழுக்கிக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான், ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தான், என் சாம்பல் கறையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்கள். செருப்பு எல்லாம் வாசலில். எண்ணினேன், எட்டு. எங்கள் வீட்டுச் செருப்பு ரேக்கில் என்னுடைய கட்டை விரல் தேய்ந்த ஷூ மட்டும் இல்லை, அதைக்கூட எடுத்து ஒளித்திருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக யார் வேலை செய்தார்களோ அவர்களுக்கு நல்ல மெக்கானிக் மூளை.

சந்திலிருந்து ஹால் ஜன்னல் ரெண்டடி. கேசரித் தட்டு வைக்கிற சத்தம், ஸ்பூன், மாப்பிள்ளையின் அம்மா குரல், "பொண்ணு ஸ்கூல்ல வேலைக்குப் போறாங்களாமா?" அக்காவின் கொலுசு. எனக்குக் கேட்கவேண்டாம், காதைப் பொத்திக்கொள்ளலாம், கை நாறுகிறது. "சின்னவ?" "அவ கோயமுத்தூர்லங்க, ஹாஸ்டல்ல. பரீட்ச நேரம், வரமுடியல." அம்மா ஒரு சின்ன மூச்சுகூடத் தட்டாமல் சொன்னாள். எவ்வளவு பழகியிருப்பாள், குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருப்பாளா. ஜன்னலைப் பார்க்காமல் இருக்கக் காரைப் பார்க்கிறேன். வேறு என்ன பார்ப்பது. பின் இடது சக்கரம், அதன் உள்பக்கம், அங்கே ஒரு சொட்டு. நான் தேய்த்த இடத்தில் புதுசாக ஒரு சொட்டு. சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டரை மணி நேரம் தேய்த்தேன், வந்து நின்று அஞ்சு நிமிஷத்தில் ஒழுக்குகிறார்கள், பெரிய இடம். இன்னொரு சொட்டு. வரியைப் பிடித்து இறங்கி, ஓரத்துக்கு ஓடி, அம்மாவின் காவிப் பட்டையைத் தொட்டு நிற்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியாது. உள்ளே யாரோ ஜாதகப் பொருத்தம் ஒன்பது என்கிறார்கள். காவிப் பட்டை அந்த இடத்தில் சுருங்குகிறது. பால் ஆடை சுருங்குகிற மாதிரி, மெதுவாக, கொப்புளம் விட்டு. இன்ஜின் ஆயில் பெயிண்டை ஒன்றும் செய்யாது. கியர் ஆயில் செய்யாது. தவழ்ந்து போய் விரலை வைத்தேன். தண்ணீர் மாதிரி மெல்லிசு, கறுப்பு இல்லை, வழுவழுப்பு, ஆயில் நாற்றமும் இல்லை. பெயிண்டைக் கொப்புளம் விடவைப்பது ஒன்றுதான், பிரேக் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது, பைப் வந்து சேருகிற நட்டு. பஞ்சாட்டம் இருந்துச்சு. சவட்டிச் சவட்டி.

சரி. எனக்கென்ன. நான் கோயமுத்தூரில் இருக்கிறேன். கோயமுத்தூரில் இருப்பவளுக்கு இங்கே எந்தச் சக்கரத்தில் என்ன ஒழுகுகிறது என்று தெரியாது. அவர் கல்லை எடுப்பார், ரிவர்ஸில் இறக்குவார், இந்தச் சரிவு, இந்த வழுக்கல், நான் உதைத்துக் கொட்டினது, அம்மா தண்ணீர் ஊற்றிப் பரப்பினது, கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தடுப்புக்கூடக் கிடையாது, தேயிலை, அதற்கும் கீழே தேயிலை. அதில் தப்பினால் மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம், கொண்டை ஊசி. முப்பது வருசமா ஓட்டறமுங். ஓட்டு. நான் போகமாட்டேன். போய் என்ன சொல்ல, யார் என்று சொல்ல? போன் செய்யலாம், அப்பாவின் போன் அடுக்களையில் சைலண்டில், அக்காவின் போன் அம்மாவின் பீரோவில், ரோஸ்லின் அக்காவுக்கு அடித்தேன், தூக்கம், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் ரெண்டு கல்லைப் போட்டு வைக்கலாம், அதையும் எடுத்துவிடுவார். டயரில் காற்றை இறக்கிவிடலாம், ஆமாம், இது நல்லது, யாருக்கும் தெரியாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்விடுவார், ஒழுகுகிறது ஒழுகிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரே சிரிப்பு. அந்த அம்மாவின் குரல், "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங். தம்பி மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே." கொலுசு ஒரு தடவை. அவள் கால் மாற்றி நிற்பாள், சந்தோஷம் வந்தால் அப்படித்தான், பத்தாவது ரிசல்ட் வந்தபோதும் அப்படித்தான் நின்றாள். இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குடி. நான் வெளியே வந்தால் இது போச்சு. மூணாவது இடம். வராவிட்டால் அவன் போவான், நாலு பேர் போவார்கள், கீழே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தவன். அவள் வாழ்நாள் முழுக்க என்னைப் பார்ப்பாள், மிஸ் பார்த்த மாதிரி கையைத் திருப்பிப் பார்ப்பாள். இல்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அது சிமெண்டுக்குள் இறங்கின மாதிரி.

"பத்து இருபது ஆயிருச்சுங், ராகு காலத்துக்கு முன்ன வண்டிய எடுத்தறோணும், நாளைக்குப் போன் பண்றமுங்." நாற்காலிகள் நகர்கின்றன. செருப்பு. கதவு திறக்கிற சத்தம். சென்னியப்பன் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், அவர் சம்சாரம் பின் கதவைத் திறக்கிறாள், அப்பா குனிந்து மரியாதையாகக் கல்லை எடுக்கப் போகிறார், எங்கப்பா, கல்லை எடுப்பது எங்கப்பா. "அப்பா, கல்ல எடுக்காதீங்க." என் குரல்தான். எனக்கு முன்னால் அது வெளியே வந்துவிட்டது, பின்னால் நான் வந்தேன், முட்டி வரை சாணி, கையில் கம்பி பிரஷ். "வண்டிய எடுக்காதீங்க. பிரேக் இல்லை." அம்மாவின் முகத்தில் ஒரு நிறம் கூட மிச்சமில்லை, ஆனால் வாய் மட்டும் வேலை செய்தது, அவளை இதில் மட்டும் அடித்துக்கொள்ள ஆள் இல்லை: "பட்டறைப் புள்ளைங்க. எங்க ஸ்கூட்டர ரிப்பேர் பண்ண வந்துச்சு." பட்டறைப் புள்ள. ரெண்டு வருஷமாக அந்த வார்த்தையை வாயில் வைத்திருந்து துப்பாதவள், என்னை மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மகள் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. "அப்பான்னு கூப்புட்டுச்சே?" அந்த அத்தையோ சித்தியோ. "இங்கெல்லாம் பெரியவங்கள அப்படித்தாங்க கூப்புடுவாங்க." சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏம்மிணி, முப்பது வருசமா ஓட்டற எனக்குத் தெரியாத பிரேக்கு உனக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்? தள்ளு தள்ளு, நேரமாவுது." "பெடல மிதிங்க," என்றேன். "என்ன?" "சவட்டிச் சவட்டி இல்ல. ஒரே தடவ மிதிச்சு அப்படியே புடிங்க." அவருக்குக் கோபம், கோபத்தில் மிதித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், கால் இறங்கிக்கொண்டே போவது முகத்தில் தெரிந்தது, தரையைத் தொட்டதும் தெரிந்தது. மீசை மட்டும் அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆளைக் காணோம். "எறங்குங்க எல்லாரும்," என்றார், ரொம்பச் சின்னக் குரலில். அவர் சம்சாரம் கதவைப் பிடித்துக்கொண்டு சாமி பேரை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

இனிமேல் என்ன. கம்பி பிரஷைப் போட்டுவிட்டு, மேலும் மூணு கல்லை நானே உருட்டி வைத்து, மல்லாக்கப் படுத்துக் கீழே நகர்ந்தேன். முதுகுக்குக் கீழே என் சரிவு, என் வரி, ஈரம் சில்லென்று சட்டைக்குள் ஏறுகிறது, எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் உடம்பு பொருந்துகிறது. அதேதான், பைப் நட்டு, விரலால் அசைத்தால் அசைகிறது. இறுக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றிப் பைப்புக்குள் சிக்கின காற்றை எடுத்தால் இன்றைக்கு இறங்கலாம், அப்புறம் அவிநாசியில் யாராவது பைப்பை மாற்றட்டும். வெளியே கால்கள் தெரிகின்றன, கால்கள் மட்டும். அப்பாவின் வேட்டி நுனி. அம்மாவின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. மாப்பிள்ளையின் ஷூ ஒரு அடி கிட்டே வந்து நிற்கிறது. "ஸ்பேனர் ஏதாச்சும் வேணுமா?" அவன்தான் கேட்டான். வேண்டும். எங்கே இருக்கிறது என்று பட்டறைப் புள்ளைக்குத் தெரியாதே. பழக்கதோஷம், கை மட்டும் நீண்டுவிட்டது, வெளியே, வெயிலுக்கு, கறுத்த நகத்தோடு, எல்லோரும் பார்க்கிற மாதிரி. மடக்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். கொலுசு. உள்ளே ஓடுகிறது. ஏதோ டப்பா மூடி விழுகிற சத்தம், அரிசி மாவு டப்பாவா, அங்கேயா வைத்தாய். திரும்ப ஓடி வருகிறது, சரிவில், அந்த வழுக்கலில், பட்டுப்புடவையோடு. "சுகன்யா, நீ உள்ள போ," என்கிறது அம்மாவின் குரல். கொலுசு போகவில்லை. பட்டு ஓரம் என் கறையின்மேல் மடங்கி உட்காருகிறது, ரோல் விரிகிற சத்தம் எனக்குத் தெரியும், எங்கே கேட்டாலும் தெரியும். "உனக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று மேலே யாரோ அக்காவைக் கேட்கிறார்கள். என் உள்ளங்கையில் ஒரு இரும்பு வந்து விழுந்தது, ஜில்லென்று, அரிசி மாவு ஒட்டிக்கொண்டு. பத்து-பதினொன்னு. நான் நம்பர் சொல்லவே இல்லை.